‘இண்டஸ்ட்ரியல்’ என்று எழுதி மாட்டிக்கொண்டேன்

கேள்வி: ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இயந்திரக் கையேடுகளையும் பாதுகாப்பு அறிவிப்புகளையும் தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலை. சென்ற மாதம் ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை எழுதச் சொன்னார்கள். ‘எங்கள் தொழிலாளர்கள் கடும் உழைப்பாளிகள்’ என்று சொல்ல நினைத்து, ‘வெரி இண்டஸ்ட்ரியல்’ என்று எழுதிவிட்டேன். கூட்டத்தில் மேலாளர் அதை உரக்கப் படித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று முதல் தினம் ஒரு பக்கம் என்று ஆங்கில அகராதியை மனப்பாடம் செய்துவருகிறேன். ஆனால் அடுத்தடுத்து வரும் சொற்கள் ஒன்றோடொன்று கலந்து குழப்புகின்றன. என் நோட்டிலிருந்து ‘ஐ’, ‘எம்’ எழுத்துப் பக்கங்களை நகலெடுத்து இணைத்திருக்கிறேன். இவற்றைப் பிரித்து நினைவில் வைப்பது எப்படி? ‘இண்டஸ்ட்ரி’ என்பதற்குச் சரியான ஒரே தமிழ்ச்சொல் எது?

பதில்: வணக்கம். நீங்கள் கேட்டவற்றுக்குப் பதிலைப் பிறகு சொல்கிறேன். கேட்காத ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும்.

உங்கள் நோட்டில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்ற சொல்லுக்கு எதிரே ‘தீப்பற்றாதது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பொருளை வைத்து எந்த அறிவிப்பாவது எழுதிக் கொடுத்திருந்தால், இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு எழுந்து போய் அதைக் கழற்றுங்கள். அச்சொல்லின் பொருள் ‘எளிதில் தீப்பற்றக்கூடியது’. ‘ஃப்ளேமபிள்’ என்றாலும் அதேதான். இரண்டுக்கும் நடுவே மயிரிழை வேறுபாடுகூடக் கிடையாது. தீப்பற்றாததைச் சொல்ல ‘நான்-ஃப்ளேமபிள்’ என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது.

இந்தக் குழியில் விழுந்த முதல் ஆள் நீங்கள் இல்லை. தாய்மொழியாக ஆங்கிலம் பேசுகிறவர்களே விழுந்திருக்கிறார்கள். ‘இன்’ என்று தொடங்கினால் ‘இல்லை’ என்று பொருள் என அவர்களும் நினைத்துக்கொண்டார்கள். அதனால்தான் அமெரிக்காவின் தேசிய தீப்பாதுகாப்புச் சங்கம் 1920-களில் ‘இன்’னை வெட்டிவிட்டு ‘ஃப்ளேமபிள்’ என்று மட்டும் எழுதச் சொல்லி வற்புறுத்தத் தொடங்கியது. ரசாயனப் பொருள்களின் அபாயக் குறியீடுகளுக்காக ஐக்கிய நாடுகள் அமைப்பு வகுத்த உலகப் பொது முறையிலும் ‘ஃப்ளேமபிள்’ என்றுதான் இருக்கிறது. ஆனாலும் பழைய டின்களிலும் பழைய கையேடுகளிலும் ‘இன்ஃப்ளேமபிள்’ இன்னும் உட்கார்ந்திருக்கிறது. பிரெஞ்சு மொழியில் இன்றைக்கும் அதுதான் சொல். பிரான்ஸிலிருந்து வந்த டப்பா என்றால் அதை இரண்டு முறை பாருங்கள்.

இதில் இன்னொரு விபரீதமும் உண்டு. அகராதியில் சில பக்கம் முன்னால் ‘இன்கம்பஸ்டிபிள்’ என்றொரு சொல் வரும். அதில் உள்ள ‘இன்’ உண்மையாகவே ‘இல்லை’ என்று சொல்வது. அதன் பொருள் எரியாதது. ஆக, ஒன்று எரியாதது, மற்றொன்று பற்றி எரிவது. இரண்டுக்கும் முகப்பு ஒன்று. உங்கள் குழப்பம் முழுவதும் இந்த ஒரு ஜோடியில் அடங்கியிருக்கிறது.

இப்போது உங்கள் நோட்டுக்கு வருவோம். ‘ஐ-என்-டி’ பகுதியில் நீங்கள் எழுதியிருக்கும் சொற்களை அதே வரிசையில் எடுத்துக்கொள்கிறேன்: இண்டிஜினஸ், இண்டிஜெண்ட், இண்டிகோ, இண்டியம், இண்டொலண்ட், இண்டோர், இண்டியூஸ், இண்டக்‌ஷன், இண்டியூரேட், இண்டஸ்ட்ரியல், இண்டஸ்ட்ரியஸ், இண்டஸ்ட்ரி. பார்த்தால் ஒரே தெருக்காரர்கள். ஆனால் ஒவ்வொருவரும் வந்த ஊர் வேறு.

‘இண்டோர்’ சுத்தமான ஆங்கிலம். கதவுக்கு உள்ளே, அவ்வளவுதான். ‘இண்டொலண்ட்’டில் உள்ள ‘இன்’ லத்தீன் மொழியின் ‘இல்லை’. ‘இண்டியூஸ்’, ‘இண்டக்‌ஷன்’ ஆகியவற்றில் வருவது லத்தீனிலேயே இருக்கும் வேறொரு ‘இன்’. அதன் பொருள் ‘உள்ளே’. ‘இண்டஸ்ட்ரி’யில் இருப்பதோ ‘இண்டு’ என்ற மிகப் பழைய லத்தீன் முன்னொட்டு. அதற்கும் ‘உள்ளே’ என்றுதான் பொருள். ‘இண்டிஜினஸ்’ (மண்ணுக்குள்ளேயே பிறந்தவர்), ‘இண்டிஜெண்ட்’ (வறுமையில் உழல்பவர்) ஆகிய இரண்டிலும் அதே ‘இண்டு’தான் இருக்கிறது. ‘இண்டிகோ’வில் முன்னொட்டே கிடையாது. அது இந்தியாவிலிருந்து போன அவுரி நீலத்துக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயரின் வழி வந்தது.

‘இண்டியம்’ உலோகத்துக்கு நேராக ‘இந்தியாவில் கிடைப்பது’ என்று குறித்திருக்கிறீர்கள். எப்படி யோசித்திருப்பீர்கள் என்று புரிகிறது. உண்மை வேறு. 1863-இல் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் ரைக், தியோடர் ரிக்டர் என்ற இருவர் அதைக் கண்டுபிடித்தார்கள். அதன் நிறமாலையில் அவுரி நீலத்தில் ஒரு கோடு பளிச்சென்று தெரிந்ததால் அந்தப் பெயர். ரைக்குக்கு நிறக்குருடு. கோட்டின் நிறத்தைப் பார்த்துச் சொல்லத்தான் ரிக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். உங்கள் கைப்பேசித் தொடுதிரையில் இருக்கும் மெல்லிய மின்கடத்திப் பூச்சில் இந்த உலோகம் இருக்கிறது. இது உங்கள் வேலைக்குத் தேவையில்லை. ஆனால் ‘இண்டியம்’ இனி உங்களுக்கு மறக்காது. ஏன் மறக்காது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

‘இண்டொலண்ட்’ என்ற சொல்லிடம் எனக்கே ஒரு பழைய கணக்கு இருக்கிறது. மொழிபெயர்ப்புத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மருத்துவக் கையேடு கையில் கிடைத்தது. அகராதியைப் புரட்டினேன். ‘சோம்பேறியான’ என்று இருந்தது. தயங்காமல் ‘சோம்பேறிப் புண்’ என்று எழுதினேன். சரிபார்த்த மருத்துவர் முதலில் சிரித்தார், பிறகு நோட்டைத் திருப்பித் தந்துவிட்டார். லத்தீனில் அச்சொல்லுக்கு ‘வலி இல்லாதது’ என்று பொருள். ஆங்கில மருத்துவத்துக்குள் அது வலியில்லாத புண், வலியில்லாத கட்டி என்றுதான் முதலில் நுழைந்தது. வலி எடுக்காதவர் அலட்டிக்கொள்ள மாட்டார், அலட்டிக்கொள்ளாதவர் சோம்பேறி என்று பொருள் பிறகு நகர்ந்தது. இன்று மருத்துவர்கள் புற்றுநோய்க் கட்டியை அப்படிச் சொன்னால் ‘மெதுவாக வளர்வது’ என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அகராதியில் இருந்த பொருள் தவறில்லை. அந்த வாக்கியத்தில் அதற்கு வேலை இல்லை.

இனி, கூட்டத்தில் எல்லோரையும் சிரிக்க வைத்த உங்கள் சொல்.

‘இண்டஸ்ட்ரி’ லத்தீனில் ‘இண்டஸ்ட்ரியா’. ‘இண்டு’ என்றால் உள்ளே. ‘ஸ்ட்ருவெரே’ என்றால் அடுக்கிக் கட்டுவது. இந்த ‘ஸ்ட்ருவெரே’யை நீங்கள் தினமும் தொழிற்சாலையில் பார்க்கிறீர்கள். ‘ஸ்ட்ரக்சர்’, ‘கன்ஸ்ட்ரக்‌ஷன்’, ‘இன்ஸ்ட்ருமெண்ட்’, ‘இன்ஸ்ட்ரக்‌ஷன்’ எல்லாம் அதன் பிள்ளைகள். கட்டியதை இடிப்பது ‘டிஸ்ட்ரக்‌ஷன்’. வழியில் எதையாவது அடுக்கி மறித்தால் ‘அப்ஸ்ட்ரக்‌ஷன்’. கவனித்தீர்களா? ‘இண்டஸ்ட்ரி’யின் உண்மையான சொந்தங்கள் ‘எஸ்’ பக்கத்திலும் ‘சி’ பக்கத்திலும் ‘டி’ பக்கத்திலும் சிதறிக் கிடக்கிறார்கள். பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘இண்டியூரேட்’ யாரோ ஒரு வழிப்போக்கர். அது ‘கெட்டிப்படுத்து’ என்று பொருள்படும் வேறு குடும்பம்.

லத்தீனிலும், 15-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும், ‘இண்டஸ்ட்ரி’க்கு ஆலை, புகைபோக்கி, சங்கு எதுவும் தெரியாது. விடாமுயற்சி, கைத்திறனோடு கூடிய உழைப்பு என்பதுதான் பொருள். ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1747-இல் 12 அச்சுப் படங்களைக் கொண்ட ஒரு வரிசை வெளியிட்டார். அதன் தலைப்பில் ‘இண்டஸ்ட்ரி’ இருக்கிறது. தலைப்பை மட்டும் பார்த்தால் தொழிற்சாலைப் படங்கள் என்று தோன்றும். உள்ளே தறியில் வேலை கற்கும் இரண்டு பையன்கள். உழைப்பவன் லண்டன் மேயராகிறான், சோம்பித் திரிந்தவன் தூக்குமேடைக்குப் போகிறான். அங்கே ‘இண்டஸ்ட்ரி’ என்பது உழைக்கும் குணம்.

16-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு தொழில் பிரிவைச் சுட்டவும் அச்சொல் பயன்படத் தொடங்கியிருந்தது. ஆனால் இயந்திரங்கள் பெருகப் பெருகத்தான் அந்தப் பொருள் மேலே வந்து பழைய பொருளை மூலைக்குத் தள்ளியது. இந்தப் புதுப் பொருளுக்கு ஒரு பெயரடை தேவைப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு வழியாக ‘இண்டஸ்ட்ரியல்’ வந்து அந்த இடத்தில் அமர்ந்தது. ‘இண்டஸ்ட்ரியல் ரெவல்யூஷன்’ என்ற தொடர் ஆங்கிலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கத் தொடங்கியது அதற்கும் நெடுநாள் கழித்து. பொருளாதார வரலாற்றறிஞர் ஆர்னால்ட் டாயின்பீயின் விரிவுரைகள் அவர் இறந்த மறு ஆண்டு, 1884-இல், நூலாக வந்த பிறகுதான் அது நிலைத்தது. (இவர் பெரியப்பா. உலக வரலாறு எழுதிப் புகழ்பெற்ற டாயின்பீ தம்பி மகன்.)

எனவே குடும்பத்தில் பாகப்பிரிவினை நடந்துவிட்டது. பழைய பொருளான உழைப்பு ‘இண்டஸ்ட்ரியஸ்’ பங்குக்குப் போனது. அது மனிதர்களுக்கும், எறும்பு தேனீ போன்ற சுறுசுறுப்பான உயிர்களுக்கும் பொருந்தும். புதிய பொருளான ஆலைத் தொழில் ‘இண்டஸ்ட்ரியல்’ பங்குக்குப் போனது. அது இடம், பொருள், கழிவு, விபத்து, சட்டம் ஆகியவற்றோடு சேரும். ‘இண்டஸ்ட்ரியல் ஒர்க்கர்’ என்றால் ஆலைத் தொழிலாளி. அவர் சோம்பேறியாகவும் இருக்கலாம். ‘இண்டஸ்ட்ரியஸ் ஒர்க்கர்’ என்றால் உழைப்பாளி. அவர் ஆலைப் பக்கமே போகாதவராகவும் இருக்கலாம். ‘இண்டஸ்ட்ரி’ மட்டும் இரண்டு வீட்டுக்கும் போய்வருகிறது. அதையும் எளிதாகப் பிடித்துவிடலாம். ‘இண்டஸ்ட்ரீஸ்’ என்று பன்மை வந்தாலோ, முன்னால் ‘ஸ்டீல்’, ‘டெக்ஸ்டைல்’ என்று ஒரு பெயர் வந்தாலோ தொழில்துறை. உழைப்பு என்ற பொருளில் அதற்குப் பன்மை கிடையாது.

ஒரு பொறியை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் வேலையில் நிச்சயம் எதிர்ப்படும் என்பதால். ‘இண்டஸ்ட்ரியல் ஆக்‌ஷன்’ என்று ஓர் அறிவிப்பு வந்தால் ‘தொழில் நடவடிக்கை’ என்று எழுதிவிடாதீர்கள். அது வேலைநிறுத்தம், மெதுவாக வேலை செய்யும் போராட்டம் போன்றவற்றுக்கு ஆங்கிலத்தில் உள்ள நாசூக்கான பெயர். ‘நாளை இண்டஸ்ட்ரியல் ஆக்‌ஷன்’ என்றால் நாளை வேலை நடக்காது! அதேபோல ‘இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ்’ என்பது வாடிக்கையாளர் உறவு அன்று. நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் இடையிலான உறவு.

சரியான ஒரே தமிழ்ச்சொல் எது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே சொல் கிடையாது, அதைத் தேடாதீர்கள். ‘தொழில்’ என்ற நம் சொல்லும் ‘இண்டஸ்ட்ரி’ நடந்த பாதையில்தான் நடந்து வந்திருக்கிறது என்பது ஆச்சரியம். இலக்கணத்தில் தொழில் என்றால் செயல், அவ்வளவுதான். ‘ஓடுதல்’, ‘உண்ணல்’ எல்லாம் தொழிற்பெயர். பிறகு பிழைப்பு, வியாபாரம், கைவினை, ஆலை என்று எல்லாவற்றையும் அது இழுத்துப் போர்த்திக்கொண்டது. அதனால் தமிழில் யோசிக்கிற மனதுக்குத் தொழிலாளியும் தொழிலதிபரும் தொழில்நுட்பமும் ஒரே கொத்தாகத் தெரிகின்றன. நீங்கள் ‘வெரி இண்டஸ்ட்ரியல்’ என்று எழுதியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். துறையைச் சொல்லும்போது ‘தொழில்துறை’ என்று எழுதுங்கள். இடத்தைச் சொல்லும்போது ‘தொழிற்பேட்டை’, ‘தொழிற்சாலை’. வீட்டிலிருந்து செய்வது ‘குடிசைத் தொழில்’. பழைய பொருளில், குணமாக வந்தால் ‘உழைப்பு’, ‘விடாமுயற்சி’. கொஞ்சம் இலக்கிய வாடை வேண்டுமானால் ‘ஆள்வினை’ இருக்கிறது. திருக்குறளின் 62-ஆம் அதிகாரத் தலைப்பு ஆள்வினையுடைமை. லத்தீன்காரர்கள் ‘இண்டஸ்ட்ரியா’ என்று சொன்னதற்கு இதைவிட நெருக்கமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதைத் தொழிற்சாலை அறிக்கையில் போட்டால் மறுபடியும் சிரிப்பார்கள்.

‘இண்டக்‌ஷன்’ பற்றிக் கொஞ்சம். அதற்கு நேரே நான்கு பொருளை எழுதி நான்கின் பக்கத்திலும் கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். கேள்விக்குறி வேண்டாம், நான்கும் சரிதான். வேர் ‘டூசெரே’, அழைத்துச் செல்வது. உங்கள் கூரைக்கு அடியில் காற்றைக் கொண்டுபோகும் தகரக் குழாயை ‘டக்ட்’ என்கிறீர்களே, அது இதன் தங்கை. ‘இண்டக்‌ஷன்’ என்றால் உள்ளே அழைத்து வருவது. புதிதாகச் சேர்ந்தவரைத் தொழிற்சாலைக்குள் அழைத்து வந்து காட்டினால் அது அறிமுகப் பயிற்சி. எஞ்சின் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உருளைக்குள் அழைத்தால் அது உள்ளிழுப்பு. மாறும் காந்தப்புலம் கம்பிச் சுருளுக்குள் மின்னழுத்தத்தை வரவழைத்தால் மின்தூண்டல். மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டது. தனித்தனிச் சான்றுகளிலிருந்து ஒரு பொது முடிவை வரவழைத்தால் தர்க்கத்தில் தொகுத்தறிதல். (கணிதத்தில் ‘மேத்தமேட்டிகல் இண்டக்‌ஷன்’ என்று ஒன்று உண்டு. பெயர்தான் அப்படி, தர்க்கப்படி அது விதியிலிருந்து முடிவுக்குப் போகும் பகுத்தறி முறை. பெயர் வைத்தவர்களோடு இப்போது சண்டைக்குப் போக முடியாது.) கையேட்டில் ‘இண்டக்‌ஷன் மோட்டார்’ என்று வந்தால் மின்தூண்டல், ‘இண்டக்‌ஷன் ஸ்ட்ரோக்’ என்றால் காற்று, ‘இண்டக்‌ஷன் புரோகிராம்’ என்றால் புது ஆள். பின்னால் வரும் சொல்லைப் பார்த்ததும் முன்னால் இருப்பதன் பொருள் தானாகத் தெரிந்துவிடும்.

அடுத்த பக்கத்தில் ‘இனெஃபெக்டிவ்’, ‘இனெஃபிஷியண்ட்’ இரண்டுக்கும் ‘பயனற்றது’ என்றே எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிறது, ஆனால் தண்ணீர் ஏறவே இல்லை: இனெஃபெக்டிவ். தண்ணீர் ஏறுகிறது, ஆனால் வேண்டியதைப் போல இரண்டு மடங்கு மின்சாரம் தின்கிறது: இனெஃபிஷியண்ட், அதாவது திறன் குறைந்தது. முன்னதற்குப் பழுது பார்ப்பவரைக் கூப்பிட வேண்டும், பின்னதற்கு மின்கட்டண ரசீதைப் பார்க்க வேண்டும்.

இன்னும் சில வரி தள்ளி ‘இனெர்ட்’. அதன் லத்தீன் வேருக்குக் ‘கைத்திறன் இல்லாத’ என்று பொருள். ஓவியத்துக்குச் சொல்கிறோமே ‘ஆர்ட்’, அதற்கு ‘இல்லை’ சேர்த்தது. கைத்திறனோடு உழைப்பது ‘இண்டஸ்ட்ரி’ என்றால் அதற்கு நேர் எதிரி இந்த ‘இனெர்ட்’தான். அகராதி இருவரையும் கிட்டத்தட்டப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறது. இன்று ரசாயனத்தில் மந்த வாயு, இயற்பியலில் ‘இனர்ஷியா’வுக்கு நிலைமம்.

இதையெல்லாம் பார்த்த பிறகு உங்கள் மனப்பாட முறையைப் பற்றி நான் என்ன சொல்வேன் என்று ஊகித்திருப்பீர்கள். நிறுத்திவிடுங்கள்.

அகரவரிசை தேடுவதற்காக ஏற்பட்டது. நம் முன்னோரும் இதைத் தெரிந்தே பிரித்து வைத்திருந்தார்கள். திவாகரம், பிங்கலம் போன்ற நிகண்டுகள் தெய்வப் பெயர், மக்கட் பெயர், மரப்பெயர் என்று பொருள் வாரியாகச் சொற்களைத் தொகுத்தன. மாணவர்கள் அவற்றைப் பாட்டாக மனப்பாடம் செய்தார்கள். 1594-இல் சிதம்பரம் இரேவண சித்தர் அகரவரிசையில் ஒரு நிகண்டு செய்தார். ‘அகராதி’ என்ற பெயர் அகரத்தை ஆதியாகக் கொண்டதால் வந்தது. ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொன்ன முதல் அகராதி எனப்படும் ராபர்ட் கவுட்ரீயின் நூல் அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1604-இல் வந்தது. ‘ஏ’யில் தொடங்கும் சொல்லை முன்பக்கம் தேடு, ‘வி’யில் தொடங்குவதைக் கடைசிப் பக்கம் தேடு என்று அவர் முன்னுரையில் வாசகருக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு அன்று அது புதிய ஏற்பாடு.

தமிழ் அகராதியில் கடலும் கடலையும் கடவுளும் அடுத்தடுத்து வருகின்றன. கடலையை நினைத்தா நாம் கடலை நினைவில் வைத்தோம்? வாழ்க்கையில் ஒவ்வொன்றையும் வேறு வேறு இடத்தில் சந்தித்தோம், அதனால் கலக்கவில்லை. நீங்கள் ஆங்கிலச் சொற்களை ஒரே மேசையில், ஒரே இரவில், ஒரே வரிசையில் சந்திக்கிறீர்கள். உருவம் ஒத்த சொற்கள் கற்பவர் மனதில் ஒன்றையொன்று தள்ளிவிடுவது பற்றி மொழியியலாளர் பாட்டியா லாஃபர் விரிவாக ஆராய்ந்து, அத்தகைய சொற்களுக்குச் ‘சின்ஃபார்ம்’ என்று பெயரும் வைத்திருக்கிறார். எனவே உங்கள் நினைவாற்றலில் குறை இல்லை. ‘இண்டஸ்ட்ரியல்’ படித்த அன்றைக்கே ‘இண்டஸ்ட்ரியஸ்’ படிப்பதுதான் கோளாறு. முதலாவது நன்றாக ஊறட்டும். ஒரு வாரம் கழித்து இரண்டாவதை எடுங்கள்.

நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். வரிசையை மாற்றுங்கள். அன்றைக்குக் கையேட்டில் தடுக்கிய சொல்லை மட்டும், அது வந்த வாக்கியத்தோடு எழுதுங்கள். அதன் முன்னும் பின்னும் நின்ற சொற்களுக்கு அடிக்கோடு இடுங்கள். பொருளைத் தமிழில் ஒரே ஒரு வரி. வேர் கிடைத்தால் எழுதுங்கள், கிடைக்காவிட்டால் விடுங்கள். வேர் ஒரு கொக்கி மட்டுமே, பொருளுக்குச் சான்று ஆகாது. ‘இண்டியம்’ உங்களுக்கு இனி மறக்காது என்றேனே, நிறக்குருடரும் நீலக் கோடும் அதற்குக் கிடைத்த கொக்கி.

வேரை நம்பிப் பொருள் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் ‘எம்’ பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. ‘மேனுஃபாக்சர்’ என்றால் வேர்ப்படி ‘கையால் செய்வது’. இன்று கை படாமல் இயந்திரம் செய்வதற்குத்தான் அந்தப் பெயர். அதற்குச் சற்றுக் கீழே ‘மெனியூர்’, எரு. அதுவும் கைதான்! கையால் வேலை செய்வது, பிறகு நிலத்தைப் பண்படுத்துவது, பிறகு பண்படுத்தப் போடும் எரு என்று இறங்கி வந்திருக்கிறது. அடுத்து ‘மேனுஸ்கிரிப்ட்’, கையால் எழுதியது. இந்த இடத்தில் மட்டும் பக்கத்து வீட்டார் உண்மையிலேயே ஒரே குடும்பம். அப்படியும் தொழிற்சாலை, எரு, கையெழுத்துப் பிரதி என்று ஆளுக்கொரு திசை.

‘மில்’ வரிசையில் மறுபடி கலப்படம். ‘மில்’ அரைக்கும் கல்லிலிருந்து வந்தது. நீர்ச்சக்கரம் சுற்றி மாவரைத்த அதே இடத்தில் மரம் அறுக்கவும் இரும்பு அடிக்கவும் தொடங்கியதால் எல்லா ஆலைக்கும் அப்பெயர் பரவியது. நம் ‘ஆலை’யும் முதலில் கரும்பு பிழியும் எந்திரம்தான், பிறகுதான் பஞ்சாலை, இரும்பாலை எல்லாம். ‘மில்லட்’ சிறுதானியத்துக்கான லத்தீன் பெயரிலிருந்து வந்தது. ‘மில்லினர்’ பெண்களின் தொப்பி செய்பவர். மிலான் நகரத்துச் சரக்கு விற்றவர்கள் என்பதால் அந்தப் பெயர். ‘மில்லியன்’ ஆயிரத்திலிருந்து வந்தது.

கடைசியாக, அந்த வரிசையின் தலையில் ஒற்றை ‘எல்’ போட்டு எழுதிய ‘மில்’. எதிரே ‘மி.மீ.’ என்று எழுதியிருக்கிறீர்கள். அடித்துவிடுங்கள். அதுவும் ஆயிரத்தின் வம்சம்தான், ஆனால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் தாள், வண்ணப் பூச்சு ஆகியவற்றின் தடிமனை அமெரிக்கக் கையேடுகள் இதில்தான் சொல்கின்றன. ‘4 மில்’ உறை என்றால் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், ஒரு காகிதத்தின் கனம். நீங்கள் எழுதியபடி 4 மில்லிமீட்டர் என்று கொள்முதல் பிரிவுக்குப் போனால் பலகை வந்து இறங்கும். உங்கள் நகலில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ‘பேக்கிங் உறை, 6 மில்’ என்று பென்சிலில் ஒரு குறிப்பு தெரிகிறது. அது ஏற்கெனவே யாருக்காவது போயிருந்தால், இன்றைக்கே அவர்களைக் கூப்பிட்டு 0.15 மில்லிமீட்டர் என்று திருத்திச் சொல்லிவிடுங்கள்.